நீரிலியின் பன்னிரண்டாம் பட்டணம்

போன கிழமை ஒரு விண்ணப்பம் அடிப்பிக்க அரசாங்கக் கச்சேரிப் பக்கம் போயிருந்தேன். மரத்தடியில் மேசை போட்டிருந்த தட்டச்சுக்காரர் மூன்று தாள்களுக்கிடையில் இரண்டு கார்பன் தாள்களைச் செருகினார். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "ஐயாவுக்குத் தலைச்சுத்தோ? இதிலை இருங்கோ" என்று கதிரையைத் தள்ளிவிட்டார். கார்பன் தாளுக்குத் தலைசுற்றும் மனிதனை அவர் கண்டிருக்கமாட்டார். உங்களுக்கும் இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் எங்கள் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகப்போகிறான் என்ற கதை அடிபட்ட காலம். நான் தளத்துக் கந்தோர் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தேன். கலியாணம் ஆகாதவன், தலைமயிருக்கு அளவுக்கு மிஞ்சி எண்ணெய் வைப்பவன், கையெழுத்து அழகானது என்ற கர்வம் உள்ளவன். அந்தக் கர்வத்துக்குத் தீனி போடத்தான், தளத்து வேலையாட்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் 'உப்புக்காற்று' என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினோம். மாதம் ஒன்று, அதிலும் ஒரேயொரு பிரதி. வீட்டுக்கு இரண்டு நாளாக அது கைமாறிக் கைமாறிப் போகும். வாசித்தவர்கள் கருத்து எழுதுவதற்கென்று பின்பக்கம் சில தாள்களை வெறுமையாக விட்டிருப்போம். நிலவைப் பற்றி நான் எழுதிய கவிதைகளுக்கெல்லாம் சேர்த்து வந்த கருத்து ஒன்றுதான்: "எழுத்து வடிவாக இருக்கிறது."

சனம் காத்திருந்தது செபஸ்தியானின் தொடர்கதைக்கு. அவன் என் கூட்டாளி, காட்டுக்குள் வரிசையாக நின்ற எண்ணெய்த் தாங்கிகளில் அளவு எடுப்பவன். ஒவ்வொரு தாங்கியும் ஒரு கோயிலளவு பெரிய இரும்புப் பீப்பா. ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்கி, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுதவேண்டும். ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், வெறுமையான தாங்கி ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

"உள்ளுக்கை ஒரு ஊரே இருக்கலாம் மச்சான். கதவைப் பூட்டினால் எத்தினை நாளைக்குக் காத்துக் காணும் எண்டு யோசிச்சுப் பார்."

அவன் யோசித்துப் பார்த்ததுதான் நீரிலி. கடல் வற்றிப்போன ஒரு கோள். வெளியே மூச்சு விட முடியாது. இரும்புக் கூரை போட்டு மூடிய பன்னிரண்டு பட்டணங்களுக்குள் மிச்சச் சனம் வாழ்கிறது. காற்றைச் செய்யும் இயந்திரங்கள் கிழடாகிவிட்டன, திருத்தத் தெரிந்தவர்கள் செத்துவிட்டார்கள். ஒரு பட்டணத்தில் காற்று மெலியத் தொடங்கினால் விளக்குகள் மஞ்சள் மாறி நீலமாக எரியும். அதற்குப் பிறகு மூன்று கிழமைதான், இருபத்தொரு நாள்தான் தவணை. அதற்குள் வேறு பட்டணத்தில் இடம் கிடைத்தவர்கள் தப்பலாம். நீல விளக்கு சரியான விஞ்ஞானமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கணக்கிலேயே தவறியவன்.

லைன் வீட்டுச் சனத்துக்கு அந்தக் கோள் பிடித்துப்போனது. பின்பக்கத்தில் கோரிக்கைகள் வந்தன. எங்களுக்கும் அங்கே ஒரு வீடு வேண்டும், முருங்கை நட முற்றம் வேண்டும், மாமியாரை வேறு பட்டணத்தில் விடவேண்டும். செபஸ்தியான் ஒருவரையும் ஏமாற்றவில்லை. சில மாதத்தில் எங்கள் சனம் முழுவதும் நீரிலியில் குடியேறிவிட்டது. நாலாம் பட்டணத்தில் தச்சுவேலை ராசையா அண்ணை ஐந்து பிள்ளைகளோடு இருந்தார். பன்னிரண்டாவதில் செபஸ்தியானும் அவன் மனைவி ரெஜினாவும் நானும் அயலவர்களாக இருந்தோம்.

இனிக் கார்பனுக்கு வருகிறேன். வேலையால் நிறுத்தப்போகிறவர்களின் பட்டியலை அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று பெரிய கிளாக்கர் சத்தியம் வாங்கினார். பாவித்த கார்பனை எரித்துவிட வேண்டும் என்பதும் கட்டளை. நானோ பத்திரிகைக்குப் படம் ஒற்றி எடுக்க உதவும் என்று அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஒருமுறை பாவித்த கார்பனில் அடித்த எழுத்தெல்லாம் துலக்கமாகத் தெரியும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. செபஸ்தியான் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"மச்சான், இதிலை ராசையா அண்ணேன்ர பேர் கிடக்கு."

கிளாக்கருக்குச் செய்த சத்தியத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். அவன் கார்பனை மடித்து என் கையில் வைத்தான். பிறகு, "சொல்ல ஏலாட்டி எழுதலாம்தானே" என்றான்.

அந்த மாதம் நாலாம் பட்டணத்தின் விளக்குகள் நீலமாக எரிந்தன. மூன்று கிழமையில் ராசையா அண்ணைக்கு வேலையால் நிறுத்தும் கடிதம் வந்தது. அடுத்த மாதம் ஏழாம் பட்டணம், அதற்கடுத்த மாதம் இரண்டாவதும் ஒன்பதாவதும். மூன்றாவது முறையோடு சனத்துக்கு விளங்கிவிட்டது. ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. நீலம் வந்த வீட்டார் அன்றே சொந்தக்காரருக்குக் கடிதம் போட்டார்கள், பெண்பிள்ளையின் கலியாணத்தை முன்னுக்கு எடுத்தார்கள். ஒரு வீட்டார் பின்பக்கத்தில் "விளங்கியது, நன்றி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். பத்திரிகை வரும் நாளில் பெண்கள் வாசலில் காத்து நிற்பார்கள். படம், கவிதை எதையும் பாராமல் விளக்கின் நிறத்தைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு கிழவர் செபஸ்தியானின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட விளக்கை மஞ்சளாய் விடு தம்பி" என்று மன்றாடினார். அன்று அவன் சோறு தின்னவில்லை.

கடைசிப் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தாளின் பாதியில் செபஸ்தியானின் பெயர் இருந்தது. அடித்தேன். ஓர் எழுத்துப் பிழைத்தது, அதை வடிவாக அழித்துத் திருப்பியும் அடித்தேன். பிறகு கந்தோருக்குப் பின்னால் போய் அந்தக் கார்பனை எரித்தேன். கட்டளையை நான் மதித்தது அந்த ஒருநாள்தான். எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனபோது விறாந்தையில், விரிகுடாவுக்கு அக்கரையான மூதூரின் அசனார் காக்கா இருந்தார். நெல் ஆலைக்காரர்; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நெல் நிறுத்து எழுத நம்பிக்கையான ஆள் தேடி வந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல லோஞ்சுல ஏறினா வேலை. அறுவடை தொடங்கிட்டு, எனக்குப் பொறுக்க ஏலா தம்பி" என்றார்.

செபஸ்தியான் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டான். ரெஜினா அடுப்படியில் நின்றாள். அவளுக்கு ஏழு மாதம்.

"கார்பன் எங்கை?"

"எரிச்சுப்போட்டன்."

"என்ர பேர் இருக்கோ?"

ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி ஊத்திறன்" என்றாள். செபஸ்தியான் அந்த மூச்சிலேயே வெளியே போனான். "காக்கா, எனக்கு இங்கை வேலை இருக்கு. ராசையா அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அஞ்சு பிள்ளையள், நாலு மாசமாய் வேலையில்லை" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. காக்கா செருப்பை மாட்டும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, சீனி கொஞ்சம் கூடிப்போச்சு என்றேன்.

இரக்கத்தால் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரக்கமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்தேன். அதற்குப் பிறகும் மூன்று கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று படுத்தேன்.

கடிதம் வந்த அன்று அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, சத்தமும் போடவில்லை.

"நீ சொல்லியிருந்தா நான் போயிருப்பன். இனி ராசையா அண்ணையிட்டைப் போய்த் திருப்பித் தாங்கோ எண்டு கேக்க ஏலுமோ?"

அந்த மாதப் பத்திரிகையைப் படியெடுக்க அவன் என்னிடம் தரவில்லை. தன் கோணல் எழுத்திலேயே எழுதிச் சுற்றுக்கு விட்டான். எப்போதும் என் வீட்டிலிருந்து புறப்படும் பத்திரிகை அந்த முறை கடைசியாகத்தான் என்னிடம் வந்தது. அதற்குள் அவனும் ரெஜினாவும் மன்னாரில் அவளுடைய ஆட்களிடம் போய்விட்டார்கள். பிள்ளை தங்கவில்லை என்று பிறகு ஆரோ சொன்னார்கள். நான் போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்தன.

கதையில் பதினொரு பட்டணங்களும் இருண்டுவிட்டன. பன்னிரண்டாவதில் பெயர்ப் பட்டியல் எழுதுகிற ஒருவன் மட்டும் இருக்கிறான். அவன் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஒருவனுக்கு நூறு வருடத்துக்குப் போதுமான காற்று அங்கே இருக்கிறது என்று எழுதி முடித்திருந்தான். ஒரு வசைச்சொல் இல்லை. பின்பக்கத்தைப் புரட்டினேன். அத்தனை வீடுகளுக்கும் போய்வந்த பத்திரிகையில் ஒருவரும் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஓய்வு பெறும்வரை அதே கந்தோரில் இருந்தேன். லைன் வீடுகளில் ஆட்கள் மாறி, பிறகு கூரை விழுந்து, இப்போது எருக்கலை நிற்கிறது. 'உப்புக்காற்று' முழுவதையும் கறையான் தின்றுவிட்டது. ராசையா அண்ணை மூதூரிலேயே காலமானார். நீரிலி என்று ஒரு கோள் இருந்ததை அறிந்தவர்களில் இந்த ஊரில் மிச்சம் நான் ஒருவன்தான்.