போ கியோக் கொடுத்த ரத்தம்

சிங்கப்பூர் தோ பாயோ உணவங்காடியில் என் கோப்பிக் கடையை ஒட்டி டெக் சியோங்கின் இறால் மீ, அதாவது இறால் சூப் நூடுல்ஸ் கடை. சூப் வைப்பது அவர். ருசி பார்த்துச் சரி சொல்வது அவர் மனைவி போ கியோக். அவள் தலையசைக்காமல் ஒரு கிண்ணமும் வெளியே போகாது.

ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒரு காலை, ருசி பார்த்த கரண்டியைக் கீழே வைப்பதற்குள் அவள் உதடு வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது. ஆம்புலன்சில் போய்ப் பிழைத்து வந்தாள். இனி இறால் ஆகாது, கொதிக்கிற ஆவிகூட ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. என் கடைக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுப் போனவர்கள் கிண்ணத்தில் சூப்பை மிச்சம் வைத்தால், அங்கிருந்தே கத்துவாள்.

"ஏ கிழவா, இன்னைக்கு உப்பு தூக்கல். மூணு பேரு வச்சிட்டுப் போயிட்டாங்க."

"உக்காந்த எடத்துலயே அதிகாரத்தப் பாரு" என்பார் அவர்.

என்னிடம் தினமும் தேநீர் வாங்க வரும் ஹிதாயா, உயிரணுக்களிலிருந்து இறைச்சி வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் ஒவ்வாமையை ஆராய்பவள். போ கியோக்கின் கதையை என்னிடம் கேட்டறிந்து, ஒருநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க கடல் இல்லாம, ஓடு இல்லாம இறால் சதைய வளக்குறோம். அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆகுமான்னு பாக்கணும். நீங்க சாப்பிட வேணாம். கொஞ்சம் ரத்தம் குடுத்தா போதும்."

டெக் சியோங் கரண்டியோடு வந்து நின்றார். "ஓடே இல்லையா? அப்ப இவ சாப்பிடலாம்ல?"

"தெரியாது அங்கிள். தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

அவர் காதில் அந்தத் 'தெரியாது' விழவில்லை போலும். கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு ரத்தம் கொடுக்கப் போனார். ஊசியைக் கண்டால் அவளுக்குப் பயம். கையைப் பிடித்துக்கொண்டு இவர்தான் கண்ணை மூடிக்கொண்டாராம்.

சில வாரம் கழித்து ஹிதாயா வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது.

"உங்க ரத்தம் அத இறால்னே கண்டுபிடிச்சிருச்சு ஆன்ட்டி. நீங்க அதச் சாப்பிடக் கூடாது."

டெக் சியோங் திரும்பிப்போய், கொதிக்காத பானையைக் கிண்டிக்கொண்டு நின்றார். போ கியோக் அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்: "இத்தன வருசம் உன் சூப்பக் குடிச்ச ரத்தம். அத ஏமாத்த முடியுமா?"

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

அவள் ஹிதாயாவிடம் கேட்டாள்: "ஓடு இல்லன்னு நம்பி யாராச்சும் தின்னுட்டா?"

"அதான் பாக்கெட்டுல எச்சரிக்கை போடணும்னு எழுதியிருக்கேன். உங்க ரத்தச் சோதனையையும் வச்சுத்தான்."

"பெருசா போடச் சொல்லு. கண்ணாடி இல்லாம படிக்கணும்."

அதன்பின் வேறு விதமாக வளர்த்த சதை வரும்போதெல்லாம் ஹிதாயா ரத்தம் கேட்டுக் கூப்பிடுவாள். போ கியோக் போவாள். கூடவே டெக் சியோங்கும் போவார். "இந்தத் தடவையாச்சும்?" என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். திரும்பும் வழியில் இருவரும் காளான் சூப் குடித்துவிட்டு, அதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்கள்.