விசாவுக்கு ஆகாத பெண்

லெத்திசியாவின் தொழில் டென்னிஸ். புதுச்சேரியில் இதைச் சொன்னால், "அது சரி, வேலை என்னா?" என்று கேட்பார்கள். உலகத் தரவரிசையில் அவள் எண்ணூறுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதல் நூறு பேரை. மற்றவர்கள் துனீசியாவிலும் துருக்கியிலும் கடலோர விடுதிகளின் பின்புறத்து மைதானங்களில், பார்க்க ஆளில்லாமல் ஆடுகிறார்கள். அப்படி ஓர் ஊரில் அவளோடு ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். நாங்கள் பள்ளித் தோழிகள். அறையில் மூன்றாவதாக இருந்த செர்பியப் பெண் மறுநாள் இவளுக்கு எதிராக ஆட வேண்டியவள். இருவரும் ஒரே வாளியில் துணி ஊற வைத்திருந்தார்கள்.

போட்டிப் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக் கொடி இருக்கும். அப்பா லெயோன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அதனால் இவளுக்குப் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சு டென்னிஸ்காரர்களுக்கு இவள் யாரென்று தெரியாது. இந்தியாவில் நடக்கும் போட்டிகளில் வெளிநாட்டுக்காரி. இரண்டு பக்கமும் கைகொடுக்க ஆளில்லை. அப்பாவின் பென்ஷனில்தான் ஆட்டம் ஓடியது.

ஆனால் கல்யாணச் சந்தையில் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு மதிப்பே வேறு. பெண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தால் எங்கள் ஊரில் நகை கேட்க மாட்டார்கள், அவர்களே போட்டு அழைத்துப்போவார்கள். மாப்பிள்ளை பின்னாலேயே பிரான்சுக்குப் போகலாம் அல்லவா? அவளுக்கு இருபத்தேழு முடிந்தபோது லெயோன் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷத்தோட சரி லெத்தி. நல்ல எடம் வந்தா முடிச்சிடணும். என் முட்டி ரெண்டும் போச்சு. உன்னுது மட்டும் எத்தினி நாளைக்கு?"

"ஆடவுடற எடமா பாருங்க பப்பா. அப்பிடி ஒருத்தன் வந்தா நானே தலையாட்டறேன்."

அப்படி ஒருவன் வந்தான். பெயர் தெயோ, ஏ.சி. பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அறுபத்திரண்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் தாத்தா வேண்டாமென்று இருந்துவிட்டார். அந்தக் குடும்பம் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் தெயோ தனியாக மைதானத்துக்கு வந்தான். பயிற்சி முடியும் வரை பந்து பொறுக்கிப் போட்டான். பிறகு வேலியோரம் உட்கார்ந்து பேசினார்கள்.

"நெஜத்த சொல்லிடறேன். பிரான்சு போவணும்னுதான் வந்தேன். உங்கள பாத்தப்புறம் போவலன்னாலும் பரவால்லன்னு தோணுது. நம்புவீங்களா?"

"நம்ப மாட்டேன்."

"எனக்கே நம்பிக்கயில்ல."

இருவரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் என்னிடம், "புடிச்சிருக்குடி" என்றாள். ஓர் ஆளைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் தெயோவின் அம்மா ஜொசியான் கேக்கும் பூவுமாக வந்தார். நான் காபி எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவர் லெயோனை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, 'முசே' என்று அழைத்துப் பேசினார்.

"ஆடட்டும் முசே, யாரு வேணாங்கறா? எங்களுக்கும் பெருமதான். வருஷத்துல எத்தினி நாளு வெளியூரு போவும் பொண்ணு?"

லெயோன் விழித்தார். லெத்திசியாவே சொன்னாள். "முப்பது வாரம் ஆன்ட்டி."

"முப்பது நாளா?"

"வாரம்."

ஜொசியான் கப்பைக் கீழே வைத்தார். "கூட இவனும் வரலாமா?"

"வரலாம். விசா இருந்தா."

"அந்த விசாவுக்குத்தானம்மா வந்திருக்கோம்!"

தெயோ தலை குனிந்துகொண்டான். ஜொசியானுக்குக் கோபமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஊரிலேயே அவருக்குத் தெரியாதது இல்லை. "முசே, எங்க அக்கா மவன் விசா கேசுல, கான்சுலேட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் தனித்தனியா ஒக்கார வெச்சி, காலைல காபி யாரு போடறதுன்னு கேட்டாங்க. சேந்து வாழறாங்களான்னுதான் மொதல்ல பாப்பாங்க. உங்க பொண்ணு பாஸ்போர்ட்ட பொரட்டினா வாரத்துக்கு ஒரு முத்திர. எந்த ஊர்ல குடும்பம் நடத்துறீங்கன்னு கேட்டா இவன் என்னா சொல்லுவான்?"

ஜொசியானே வழியும் சொன்னார். "ரெண்டே வருஷம். ஒரே வூட்ல இருக்கட்டும். இவன் பேப்பரு கைக்கு வந்ததும் ஒலகம் பூரா போயி ஆடட்டும்."

லெயோனுக்கு அது நியாயமாகப் பட்டது. மகளைப் பார்த்தார்.

"பப்பா, ரேங்கிங் பாயிண்டுக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். போன மார்ச்சுல ஜெயிச்சது இந்த மார்ச்சுல போயிடும். ரெண்டு வருஷம் ஒக்காந்தா என் பேரே இருக்காது. அப்புறம் பதினாறு வயசு பொண்ணுங்களோட மொதல்லேருந்து."

"நடுவுல நடுவுல போனா?" என்றான் தெயோ.

"எத்தினி வாரம் போனா நம்புவாங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "எட்டு, பத்து" என்றார் ஜொசியான்.

லெத்திசியா விரல்களை மடக்கினாள். உதடு அசைந்தது. எந்தெந்தப் போட்டி, எந்தெந்த மாதம் என்று உண்மையாகவே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பிடித்திருந்தது அவனை.

"பத்துல முடியாது ஆன்ட்டி. கோவிச்சிக்காதீங்க."

கிளம்பும்போது தெயோ வாசலில் நின்றான். "அப்ப நான் வேற எடம் பாக்கறேன்."

"ஆடாத பொண்ணா பாருங்க."

"கேரம் ஆடற பொண்ணா பாக்கறேன். வூட்டுக்குள்ளயே ஆடலாம்ல?"

அவள் சிரித்தாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குளித்தாள்.

ஜொசியான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நடந்ததை நாலு பேரிடம் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் கட்டினால் கேஸ் நிற்காது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தரகர்கள் அந்தத் தெருப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். டிசம்பர் முடியும்வரை ஒருவரும் வரவில்லை.

"வேணும்னேதான முப்பதுன்னு சொன்ன?" என்று லெயோன் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தி நாலு பப்பா. கொறச்சிதான் சொன்னேன்."

ஜனவரியில் துனீசியப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா சொன்ன வருடம் முடிந்திருந்தது. கேட்காமல் கொடுக்க அவளுக்கு மனமில்லை. சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் மீன் முள்ளை ஒதுக்கித் தட்டோரம் வைத்தார்.

"நல்ல எடம் வந்தா முடிச்சிடணும்னுதான சொன்னேன். எடமே வரல. நான் என்னா பண்ண?" என்றார். "போ. குளுருக்கு எதனா எடுத்து வெச்சிக்க."