கடைசி வரிசையில் இரண்டு பேர்

பட்டறையில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சடித்து வரும் பெரிய தாள்களை மடித்து, அடுக்கி, ஊசியில் நூல் கோத்துத் தைத்துப் புத்தகமாக்குகிற வேலை. கை ஓயாது. ஊரெல்லாம் படிக்கிற புத்தகங்கள் அவள் மடியில் கிடந்துதான் போயின. அவளோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். தான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதுகிறவர். ‘கடைசி வரிசை’ என்பது எழுத்துக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர். உண்மையிலேயே கடைசி வரிசையில்தான் உட்காருவார். அங்கிருந்தால் மேடையும் தெரியும், மேடையைப் பார்க்கிற ஜனங்களும் தெரிவார்கள் என்பது அவர் கணக்கு. எந்த இடத்தில் கூட்டம் நெளிந்தது, எந்தப் பாட்டுக்கு முன்வரிசை ஆள் கொட்டாவி விட்டார் என்பதுவரை எழுதுவார். ஆனால் ஒருத்தர் மனதையும் கீறி எழுதியது கிடையாது. குறை இருந்தால் நேராக, கௌரவமாகச் சொல்வார். நடிக்கிறவர்களுக்கு அதனாலேயே அவர் மேல் ஒரு மதிப்பு.

அப்படிப்பட்ட மனிதருக்குக் காது போய்விட்டது. ஒரு காய்ச்சல் வந்துபோனபோது ஒரு காதைக் கூடவே கொண்டுபோனது. மற்றது மெல்ல மெல்ல அடங்கியது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு மேஜை முன்னால் உட்கார்ந்து, மூடி திறக்காத பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு” என்று கேட்டார். தெருவுக்கே கேட்டது. தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அதிலிருந்து அவர் மனசுவிட்டுப் பேசப் போகிறார் என்று தெரிந்தாலே அவள் கை ஜன்னல் கொக்கிக்குப் போய்விடும்.

அவள் மனசுக்குள் கடவுளை நினைத்துக்கொண்டாள். மறுபடி நாடகத்துக்கு அழைப்பு வந்தபோது, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

இருவருக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. நாடகத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே வாங்கி அவர் படித்துவிடுவார். வசனம் கண் வழியாகவே தெரிந்துவிடும். பாட்டு நடக்கும்போது அவள் அவருடைய உள்ளங்கையில் விரல் நுனியால் தாளம் போடுவாள். ஜனம் சிரித்தால் கையை அழுத்துவாள். சுருதி விலகினாலோ வேறு ஏதாவது தப்பாகப் போனாலோ நகத்தால் லேசாகக் கீறுவாள். அரங்கத்துக்குள் அவர் வாயே திறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அவள் உதடு அசைவதைப் பார்த்து மீதியைப் புரிந்துகொள்வார். ஊரில் வேறு யார் உதடும் அவருக்குப் பிடிபடாது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தின உதடு இது ஒன்றுதான்.

விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இருவரையும் பார்த்தாலே, “வாங்க வாங்க, புது மாப்பிள்ளையும் பொண்ணும் வந்தாச்சு” என்பார். பட்டறையிலும் கிண்டல் கிளம்பியது. அட்டைக்குப் பசை தடவுகிற பசைக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, இந்த வயசுல புருஷன் கையப் புடிச்சிக்கிட்டு நாடகம் பாக்குறீங்களாமே? என் தம்பி மேடையில கீபோர்டு வாசிக்கிறான்ல, அவன் பாத்துட்டு வந்து சொல்றான்.”

“பிடிச்சா என்னடி? என் புருஷன் கைதானே?”

“எங்க வீட்டுல அந்தக் கையில போன் இருக்கு. நான் எங்க புடிக்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பக்காவும் சிரித்தாள். ஆனால் ராத்திரி கண்ணை மூடி உட்காரும்போது மட்டும், “கடவுளே, இது பொய்யா, பொய் இல்லையா, நீயே கணக்கு வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு புது நாடகம் வந்தது. ‘சட்டை மாறிப் போச்சு’ என்று பெயர். முழுக்கப் பாட்டும் கூத்தும். ஒரு சலவைக் கடையில் துணியெல்லாம் மாறிப்போகிறது. மேனேஜர் சட்டை டிரைவருக்குப் போகிறது, டிரைவர் சட்டை மேனேஜருக்கு வருகிறது. சட்டை மாறியதும் மரியாதையும் மாறிவிடுகிறது. யோசிக்க ஒன்றுமில்லை, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். கடைக்காரர் மகளாக நடித்தது ஒரு புதுப்பெண். மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் அழுத்தி அழுத்தி மடிப்பக்காவின் கை வலித்துப்போனது. அப்படிச் சிரித்தது கூட்டம். அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் பாடினாள். இரண்டாம் பாதியில் அவள் ஒரு சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே பாட வேண்டும். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு காற்றுத்தான் வந்தது. கீபோர்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாடியிலிருந்து யாரோ அதே மாதிரி கீச்சென்று கத்திக் காட்டினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பிள்ளை கையிலிருந்த சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி நின்றது.

முன்னால் அத்தனை தலைகளும் குலுங்குவதைப் பார்த்து அவர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் நகத்தால் கீற வேண்டும். கீறினால் அவர் எழுதுவார். எழுதினால் இந்தப் பிள்ளை இன்னொரு தடவை மேடை ஏறுமா? சிரிக்கத்தானே செய்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் அவருடைய கையை அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்: “சட்டைப் பாட்டுல நல்லா சிரிச்சாங்க, இல்ல?”

“சிரிச்சாங்க” என்றாள். சொன்னது உண்மைதான்.

விமர்சனம் வந்த அன்று காலையில் பசைக்காரி பத்திரிகையும் கையுமாக உள்ளே நுழைந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் இவ்வளவு பொல்லாதவரா?”

“ஏன்டி, என்னாச்சு?”

“கேளுங்க, படிக்கிறேன். ‘சட்டை மாறியதைக் கண்டு, பாட்டின் நடுவே வாயடைத்து நின்றாரே கடைக்காரரின் மகள், அந்த மௌனத்துக்கே டிக்கெட் எடுக்கலாம். அரங்கம் குலுங்கியது. இவ்வளவு அழகாகப் பாட்டை நிறுத்தத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை.’ செருப்பால அடிச்சிருந்தாக்கூட இப்படி வலிக்காது. மத்த பத்திரிகைக்காரன் குரல் ஒடஞ்சுதுன்னு எழுதிட்டு விட்டுட்டான். இவரு நின்னு நிதானமா நக்கல் அடிச்சிருக்காரு. தம்பி சொல்றான், அந்தப் பொண்ணு படிச்சிட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிடுச்சாம். இனிமே வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டுது. தெரியாமயா எழுதினாரு? காது இல்ல?”

மடிப்பக்காவுக்கு ஊசி எங்கே, நூல் எங்கே என்று தெரியவில்லை. பாதி தைத்த புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவர் மடியில் இரண்டு பத்திரிகைகள் கிடந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்று வேறொருவர் எழுதியது. அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

“குரல் ஒடஞ்சிருக்கு” என்றார். “பிரதியில அந்த எடத்துல, சட்டையைப் பாத்துத் திகைக்கிறாள்னு போட்டிருக்கு. நான் அதுதான்னு நெனைச்சேன். நீ ஏன் கீறல?”

“பாவமா இருந்துதுங்க.”

அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

“ஒருத்தரையும் நான் இப்படிப் பேசினதில்லம்மா” என்றார். கோபமில்லை, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. “கிண்டல் இல்ல, நெஜமாத்தான் பாராட்டினேன்னு எழுதலாம். எழுதினா, அப்ப உன் காது எங்க போச்சுன்னு கேப்பாங்க.”

அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அவள் கண்ணை மூடி உட்கார்ந்தாள். கணக்கு வெச்சுக்கோ என்று சொல்ல இந்தத் தடவை வாய் வரவில்லை. கணக்குத்தான் வந்துவிட்டதே. அவர் பேனாவைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “கிளம்பு. அந்தப் பொண்ணு வீடு உன் பட்டறை சிநேகிதிக்குத் தெரியுமில்ல?”

தையல் கடைக்கு மேலே ஒரே அறை. கடையும் அவர்களுடையதுதான். பெண்ணின் அம்மா கீழே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னார் என்று தெரிந்ததும் மிதியிலிருந்து காலை எடுக்காமலே, “இன்னும் எழுத மிச்சம் இருக்கா? நேர்ல பாத்துட்டுப் போய் எழுதலாம்னு வந்தீங்களா?” என்றாள். ஆனாலும் வந்தவர்களை நிற்க வைக்க மனமில்லாமல் மேலே கூட்டிப்போனாள்.

அறையின் குறுக்கே ஒரு திரை. அந்தப் பெண் அதற்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

“உங்க எழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் சார் எனக்கு நாடக ஆசையே வந்துது. நல்லா இல்லன்னு எழுதியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். மாடியில கத்தினவன் யாரோ. நீங்களும் அவனும் ஒண்ணா?”

அவர் அம்மாக்காரியின் முகத்தைப் பார்த்து, வணக்கம் சொல்கிற பாவனையில், மரியாதையாகச் சிரித்தபடி நின்றார். பதில் வராததால் திரை விலகியது. பெண் வெளியே வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“சிரிக்கிறீங்களா?”

மடிப்பக்கா அவருடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, அந்தப் பெண் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவர் முகம் மாறுவதைப் பெண் பார்த்தாள். அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கியது.

“எனக்குக் காது கேக்காதும்மா!” என்றார் அவர். கீழே தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்திருப்பார்கள். மடிப்பக்கா சுற்றுமுற்றும் ஜன்னலைத் தேடவில்லை.

“இவருக்குத் தாளத்தை நான் கையில போடுவேன் கண்ணு. சிரிச்சா அழுத்துவேன். தப்பாப் போனா கீறுவேன். அன்னைக்கு உன்னைப் பாத்துட்டு எனக்குக் கீற மனசு வரல. அழுத்திட்டேன். அவர் மேல தப்பில்ல.”

பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மடிப்பக்காவைப் பார்த்து, “அப்ப நீங்கதானே கேட்டீங்க. நீங்க சொல்லுங்க, எப்படிப் பாடினேன்?” என்றாள்.

மனதில் ஆறுதல் வார்த்தைதான் முதலில் வந்தது. மடிப்பக்கா அதை விழுங்கினாள். “மேல போற எடத்துல ஒடஞ்சு போச்சு. கேக்கக் கஷ்டமா இருந்துது. அதுக்கு முன்னாடி பாடினதெல்லாம் நல்லா இருந்துது. ரெண்டும் நெஜம்.”

பெண் தலையை ஆட்டினாள். பிறகு அவரைக் காட்டி, “இதை எழுதுவாரா?” என்று கேட்டாள். மடிப்பக்கா உதட்டை அசைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

“எனக்குக் காது கேக்காது, உன் குரல் ஒடஞ்சது எனக்குத் தெரியாதுன்னு எழுதிட்டேன். உங்கிட்டச் சொல்லாம ஆபீஸ்ல குடுக்கக் கூடாதுன்னுதான் மொதல்ல இங்க வந்தோம்.”

அவர்கள் படியிறங்கும்போது அம்மாக்காரி மிஷினில் உட்கார்ந்திருந்தாள், ஓட்டவில்லை. “தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

எழுதியது அச்சில் வந்தது. இவ்வளவு நாள் எங்களை ஏமாற்றினாரே என்று சிலர் பத்திரிகைக்கு எழுதினார்கள். செவிடருக்கு நாடகத்தில் என்ன வேலை என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அவர் எழுதியதால் கிடைத்த நல்ல பெயரால்தான் நான் நடிகனானேன் என்று இன்னொருத்தர் எழுதினார். பத்திரிகை ஆசிரியர் இவர்கள் வீட்டுக்கே வந்து, மடிப்பக்காவின் வழியாக, மிகவும் மரியாதையாகப் பேசி, அந்த விமர்சனப் பத்தியை இனி வேறொருவர் எழுதுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேனாவை மூடி அலமாரியில் வைத்தார். அன்று அவள் சமைத்ததை இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

சில நாள் கழித்துப் பசைக்காரி ஒரு சேதி கொண்டுவந்தாள். “அந்தப் பொண்ணு திரும்ப வந்துடுச்சுக்கா. இன்னைக்குப் பாடுது.”

இந்தத் தடவை அழைப்பு இல்லை. டிக்கெட் எடுத்துத்தான் போனார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் எதுவும் கிண்டல் செய்யாமல் எழுந்து கதவைத் திறந்து விட்டார். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

“என்ன, இன்னைக்கு மாப்பிள்ள பொண்ணு இல்லையா?” என்று அவளே கேட்டாள்.

“அய்யோ, இருக்காங்க, இருக்காங்க. போய் உக்காருங்க” என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அதே கடைசி வரிசை. இஸ்திரிப் பாட்டு வந்தது. அவர் உள்ளங்கையில் அவள் விரல் தாளம் போட்டது. பாட்டு மேலே ஏறுகிற இடம் நெருங்கியபோது அவள் விரல் தன்னாலே நின்றது. கடவுளே, கடவுளே என்பது தவிர அவளுக்கு வேறு நினைவில்லை. கூட்டத்திலும் பழைய கதை தெரிந்தவர்கள் இருந்தார்கள் போலும். அரங்கம் அசையாமல் இருந்தது. ஒரு தலையும் குலுங்கவில்லை. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“பாடிட்டாளா?” என்று கேட்டார்.

கேட்டார் என்றால், அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசைவரை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் அந்தப் பெண், குரல் உடையாமல் அந்த இடத்தைத் தாண்டி, பாட்டை நிறுத்தாமலே கடைசி வரிசையைப் பார்த்தாள்.

மடிப்பக்கா அவரை உஷ் என்று அடக்கவில்லை. “பாடிட்டா” என்று வாய்விட்டே சொன்னாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். பிறகு விட்ட இடத்திலிருந்து தாளம் போடத் தொடங்கினாள்.