ஜப்பான் வாளும் தூக்காத கையும்

எங்கள் வீட்டுக்காரர் வேலையில் இருந்தவரைக்கும் கத்தியைக் கையால் தொட்டவர் இல்லை. மாம்பழம்கூட நான்தான் நறுக்கித் தரணும். மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனார். ஆன ஆறாம் மாசம் ஜப்பான்காரர்களின் பழைய வாள்மேல் ஆசை வந்துவிட்டது. மற்ற வீட்டு ஆண்களுக்குச் சர்க்கரை வரும், பிரஷர் வரும். இவருக்கு இது வந்தது.

முதல் தடவை ஏலத்தில் எடுத்துவந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட இரும்பு. நடுவில் ஓட்டை. மிக்ஸிக்கு ஏதோ பார்ட்ஸ் வாங்கிவந்திருக்கிறார் என்று சந்தோஷமாகக் கையை நீட்டினேன். "தொடாதே, தொடாதே" என்று பின்னால் நகர்ந்தார். வாளைப் பிடிக்கிற கை வழுக்கி அலகில் பட்டுவிடாமல் இருக்க, பிடிக்கு முன்னால் மாட்டுகிற தகடாம். அதற்குப் பேர் சூபா. அதில் ஒரு நண்டு செதுக்கியிருந்தது. நண்டு நல்லாத்தான் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்று வருஷத்தில் பதினோரு தகடு சேர்ந்துவிட்டது. பிடியில் பதிக்கிற சின்னச் சின்ன பித்தளை உருவங்கள், வெறும் உறை ஒன்று, வெறும் கைப்பிடி ஒன்று. வாள் மட்டும் இல்லை. வாளுக்குத் தடவுவதற்கென்று கிராம்பு எண்ணெய் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். பல்வலிக்குப் பஞ்சில் ரெண்டு சொட்டு கேட்டேன். "அது வாளுக்கு" என்றார். எந்த வாளுக்கு என்று நான் கேட்கவில்லை.

எதையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அந்த மூன்று வருஷமும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு பழைய வீடு. கக்கூஸ் குத்தவைத்து உட்காருகிற மாதிரி. எனக்கு ரெண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது. உட்கார்ந்துவிட்டால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருக்கணும். ஒருநாள் குழாய் கையோடு வந்துவிட்டது. நாற்காலி மாதிரி உட்காருகிறது ஒன்று வைத்துக்கொடுங்கள் என்று கேட்டேன். அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கும். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்வேன். மகன் போனில் கூப்பிடும்போதுகூட அவனிடம் சொல்ல வாய் வந்ததில்லை.

"இந்த ஏலம் முடியட்டும்" என்பார் இவர். ஏலம் முடியும். இன்னொரு தகடு வரும்.

ஏலத்தில் இவருக்கு ஒரு எதிரி இருந்தார். கோவிலம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய். முதலில் ரெண்டு பேரும் சிநேகிதம்தான். ஒரே தகட்டுக்கு ரெண்டு பேரும் கை தூக்கின நாளிலிருந்து பேச்சில்லை. இவர் தூக்கினால் அவர் தூக்குவார், அவர் தூக்கினால் இவர். பொருளை எங்கே பார்த்தார்கள்? எதிராளி கையைத்தான் பார்த்தார்கள். ஏலக்காரர் இவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, தன் காசில் டீயும் வாங்கிக் கொடுப்பாராம். அதை ஒரு மரியாதை என்று இவர் வீட்டில் வந்து சொல்லுவார்.

போன வருஷம் ஏலத்துக்கு ஒரு வாளே வந்துவிட்டது. குட்டை வாள்தான். ஆனால் தகடு, பிடி, உறை எல்லாம் சேர்ந்த முழு வாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மினி ஹாலில் ஏலம். இவர் ரெண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டார்.

"நான் போனா அந்த பாய் ஏத்திவுட்டுடுவான். நீ போ."

"நானா?"

"உன்னை அங்க யாருக்குத் தெரியும்? நாப்பது வருஷமா உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல, இப்ப எவ்ளோ வசதியா இருக்கு பாரு."

வாளின் எண்ணையும் எதுவரை ஏறலாம் என்ற தொகையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஹாலில் கொடுக்கிற நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, மற்றவர்கள் இறக்குகிறவரைக்கும் நான் இறக்கக் கூடாது. தொகையைப் படித்துப் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, எங்கள் தெருவுக்கே டாய்லெட் வைக்கலாம்.

ஹாலில் பூராவும் ஆம்பளைகள். பின்வரிசையில் ஒரே ஒரு அம்மா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டினாங்க.

"இங்க வாங்கக்கா, ஃபேன் காத்து இங்கதான் வருது."

உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து வீட்டில் பொரித்த சமோசா கொடுத்தாங்க. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது, வாங்கிக்கொண்டேன்.

"நீங்க என்னக்கா வாங்கப் போறீங்க?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. வீட்டுக்காரர் அனுப்பினாரு."

"அட, எனக்கும் அதே கதைதான். எங்க வூட்டுக்காரர் வந்தா, அஸ்தினாபுரத்துலேர்ந்து ஒரு கெழவன் வந்து வெலைய ஏத்திவுடுறானாம். அதான் என்னை அனுப்பிட்டாரு."

சமோசா தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். "நான் அந்தக் கெழவன் வீட்லேர்ந்துதாம்மா வர்றேன்."

அந்த அம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாங்க. உடம்பே குலுங்கியது.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. உங்க வூட்டுக்காரரைத்தான் நான் தெனம் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நானும் உங்க வீட்டுக்காரரைத்தாம்மா."

ரெண்டு பேர் சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஒரே எண். தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். அவங்க வீட்டு ஹாலில் ஏற்கனவே ரெண்டு வாள் தொங்குகிறதாம். அதைப் பார்த்து பயந்து மகள் பேரப்பிள்ளைகளை அழைத்துவருவதே இல்லையாம். "பெருநாளைக்குக்கூட வாசலோட போயிட்டாக்கா. மூணாவது வாளும் வந்துச்சுன்னா நான்தான் அவ வூட்டுக்குப் போய்ப் பாக்கணும். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

காதில் சொன்னேன். வீட்டுக்காரரைத் தவிர இன்னொரு உயிரிடம் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவங்க சிரிக்கவில்லை.

"மூணு வருஷமாவா?" என்று என் முட்டியையே பார்த்தாங்க. பிறகு, "நான் தூக்க மாட்டேன்க்கா. நீங்களும் தூக்காதீங்க" என்றாங்க.

எண் வந்தது. ஏலக்காரர் வாளை உறையிலிருந்து கொஞ்சம் உருவிக் காட்டினார். கலியாணம் ஆனதிலிருந்து இவர் சொன்ன ஒன்றைச் செய்யாமல் இருந்தது எனக்கு நினைவில்லை. கை தானாகத் தூக்கிவிடுமோ என்று அட்டையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் அந்த அம்மா டப்பாவை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாங்க.

ஏலக்காரர் முன்வரிசையில் காலியாக இருந்த ரெண்டு நாற்காலியையும் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி "ஒரு தரம்" என்பதையே இழுத்தார். நடுவில் யாரோ ஒருத்தர் அட்டையைத் தூக்கினார். வேறு கை எழும்பவில்லை. ஆரம்ப விலைக்கே சுத்தியல் விழுந்தது. கேளம்பாக்கத்தில் நூடுல்ஸ் கடை போடுகிறவராம். சுவரில் மாட்டுவதற்காம்.

படி இறங்க அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாங்க. எதிரே டீக்கடை. இவர் அங்கேதான் ஒளிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பாயும் அங்கேதான் ஒளிந்திருக்கிறார் என்பது தெரியாது. ஒரே பெஞ்சில் இந்த முனையில் இவர், அந்த முனையில் அவர், ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி. நாங்கள் கைகோத்து வருவதைப் பார்த்ததும் ஒன்றாக எழுந்தார்கள்.

"யாருக்குப் போச்சு?" என்று ரெண்டு பேரும் கேட்டார்கள்.

"நூடுல்ஸ் கடைக்கு" என்றாங்க அந்த அம்மா.

ரெண்டு ஆம்பளைகளும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். பேச்சு நின்றுபோனபின் முதல் தடவையாக பாய்தான் வாயைத் திறந்தார்.

"எண்ணெப் பொகை படுமே சார்."

"துரு புடிச்சிடுமே பாய்" என்றார் இவர். சாவு வீட்டில்கூட இவர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச தூரம் அந்த வாளைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"ஏன் கை தூக்கலை?"

விலை ஏறிப்போச்சு என்று சொல்லலாம் என்றுதான் நானும் அந்த அம்மாவும் பேசிவைத்திருந்தோம். எனக்குப் பொய் வரவில்லை.

"முட்டி வலிக்குது."

"கை தூக்கறதுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

ஆட்டோ சத்தத்தில் காதில் விழட்டும் என்று கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அதே நேரம் சிக்னல் விழுந்து டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். "கக்கூஸ்ல குந்த முடியலங்க" என்று நான் சொன்னது வண்டி பூராவும் கேட்டது.

பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருந்தது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இவரை மேலும் கீழும் பார்த்தாங்க.

"இன்னா சார், இந்த வயசுல அந்தம்மாவ குந்த வச்சிகினு கீறியா? எங்க வூட்லயே மாத்திட்டோம், ஒரு நாளு வேலை."

"வாளு கீளுன்னு பேசிகினு வந்தாரே, அவுரா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். அவ்வளவு பேரும் சிரித்தார்கள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "மேஸ்திரி நம்பர் கீது சார், தரட்டா?"

இவர் போனை எடுத்தார். ஒவ்வொரு நம்பராகச் சொல்லச்சொல்ல அழுத்தினார்.

மறுவாரம் மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். இவர் கக்கூஸ் வாசலை மறித்து நின்றுகொண்டு, ஜப்பானில் டாய்லெட் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். அங்கே உட்காருகிற இடமே இதமாகச் சூடாக இருக்குமாம், பட்டனை அழுத்தினால் வெந்நீர் வருமாம், பாட்டுகூடப் பாடுமாம். மேஸ்திரி கேட்கிறவரைக்கும் கேட்டார்.

"சூட்டுக்கு நம்மூர்ல தனியா ஒண்ணும் வேணாம் சார், மே மாசம் வந்தா போதும். பழசை உடைக்கலாமா, அதைச் சொல்லுங்க."

இவர் அதற்குள் வெந்நீர் பட்டனுக்குத் திரும்பப் போய்விட்டார்.

"உடைங்க" என்றேன் நான்.