ஆளுக்கு ஒரு கொத்து அரிசி

போன கிழமை சாப்பிட இருந்தபோது, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசாங்கம் எல்லோருக்கும் மாதம் மாதம் காசு கொடுக்கலாமா என்று நீங்கள் உங்களுக்குள் வாதாடினீர்கள். “சும்மா குடுத்தால் சனம் சோம்பேறியாய்ப் போயிடும்” என்று உங்களில் ஒருவர் சொன்னதும் நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். எழும்பிப் போய்விட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள் பிள்ளைகள்.

அறுபதுகளின் கடைசிப் பக்கம் அது. கனகராயன்குளத்திலிருந்து உள்ளுக்குத் தள்ளியிருந்த ஒரு ஊரில் நாங்கள் இருந்தோம். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், எருமைக்கடாக்கள் வைத்திருந்தார். வெட்டிய கதிரைக் களத்தில் பரப்பி, அதன்மேல் கடாக்களைச் சுற்றிச் சுற்றி நடத்தி நெல்லைப் பிரித்துக் கொடுப்பது அவருடைய தொழில். சூடு மிதிப்பது என்போம். அந்தக் கூலி நெல்லில்தான் அக்காவும் பிள்ளைகளும் சீவித்தார்கள்.

பிறகு எங்கள் கமக்காரர் ஒரு உழவு மிசின், அதாவது டிராக்டர், வாங்கினார். ஊரில் பாதி வயல் அவருடையது. அத்தான் நாள்கணக்காகச் செய்த வேலையை மிசின் கதிர்மேல் ஓடி ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்தது. மற்றவர்களும் அதையே வாடகைக்குக் கூப்பிட்டார்கள். மிசின்மேல் எனக்குக் கோபமில்லை. இரும்புக்கு என்ன தெரியும்?

களத்துக்கு என்று எங்களிடம் ஒரு முறை இருந்தது. நெல் தூற்றும் நேரம் யார் வந்து நின்றாலும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. வேலை செய்தவனோ செய்யாதவனோ, அவன் பைக்குள் ஒரு சுளகு நெல் விழும். ‘இல்லை’ என்ற சொல்லைக் களத்துக்குள் வாயால் எடுக்கவே கூடாது. அதை நம்பித்தான் அந்த அறுவடைக்கு அத்தானும் வெறும் சாக்கோடு போய் நின்றார். நானும் அங்கே வைக்கோல் இழுத்துக்கொண்டு நின்றேன்.

“என்னடாப்பா, கடாக்களை விட்டிட்டு நீ மட்டும் வந்து நிக்கிறாய்?” என்றார் கமக்காரர். மிசின் ஓட்டியவன் சிரித்தான்.

“தூத்துற நேரமெண்டு வந்தனான் ஐயா.”

“சூடடிச்சது மிசின். கூலியும் அதுக்குத்தான். அரசாங்கம் உங்களுக்குச் சும்மா அரிசி போடுதெல்லே? ரெண்டு இடத்திலயும் சும்மா தின்னப் பாக்கிறியோ? இல்லை. போ.”

களத்தில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். அத்தான் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அவர் சொன்ன அரிசி கூப்பன் அரிசி. அந்தக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில், கூப்பன் புத்தகம் உள்ள எல்லோருக்கும், ஆளுக்குக் கிழமைக்கு ஒரு கொத்து, ஏறக்குறைய ஒரு கிலோ, அரிசி காசில்லாமல் கொடுத்தார்கள். குழந்தைக்கும் ஒரு புத்தகம், கிழவிக்கும் ஒரு புத்தகம். அந்த வாரத்துக்குள் எடுக்காவிட்டால் அது போனதுதான்.

வீட்டுக்கு வந்த அத்தான் எல்லாருடைய புத்தகங்களையும் தகரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். “வேலை செய்யாமல் வாற சோறு இந்த வீட்டுக்கு வேண்டாம்” என்றார். விறகு வெட்டி விற்கப் போனார். வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிற ஊரில் யார் விறகு வாங்குவான்? பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கோடு கிடந்தார்கள். கடைசிப் பிள்ளை கிழங்கைக் கண்டாலே அழத் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை நான் சங்கக்கடையில் நின்றபோது கமக்காரரின் வேலைக்காரன் அவர்கள் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் கொண்டுவந்து நீட்டினான். வயலுக்குப் போடும் பசளை பார்க்க வந்த கமக்காரரும் அங்கேதான் நின்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“ஐயா, நீங்களும் இந்த அரிசி எடுக்கிறியளோ?”

“ஏன் எடுக்கக் கூடாது? என்ர பேருக்கு வந்தது. கோழிக்காவது போடலாம்.”

“அப்ப என்ன வேலை செய்து எடுக்கிறியள்?”

வரிசையில் நின்ற பெட்டிக்கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்போம், இடையில் புகுந்தார். “கோழி முட்டை போடுதெல்லே தம்பி, அது வேலைதானே!” சனம் சிரித்தது. நான் விடவில்லை.

“குளத்துத் தண்ணி உங்களுக்குச் சும்மா வருது. உங்கட நெல்லைக் கூடின விலைக்கு அரசாங்கம் வாங்குது. அதெல்லாம் உங்களைச் சோம்பேறியாக்கேல்லையோ?”

“இப்பிடிச் சும்மா போட்டால் நாளைக்கு வயலுக்கு ஆள் வராது. அது விளங்குதோ உனக்கு?”

“ஆள் வந்து நிண்டது ஐயா. நீங்கள்தான் மிசினைக் கூப்பிட்டனீங்கள்.”

அவர் வெட்கப்பட்டார் என்று நினைக்காதீர்கள். “இனி என்ர வயல் பக்கம் வராதை” என்று எனக்குச் சொல்லிவிட்டு, அரிசி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுப் போனார்.

நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கோழிக் கதை வரைக்கும் கேட்டாள். பிறகு கோடரிப் பின்பக்கத்தால் பெட்டிப் பூட்டில் ஒரு அடி. அத்தான் முற்றத்திலிருந்து ஓடிவந்தார்.

“என்ன செய்யிறாய்? வேலை செய்யாமல்...”

“நான் வேலை செய்யேல்லையோ?” அக்கா திரும்பினாள். “தண்ணி அள்ளுறன், நெல்லுக் குத்துறன், உங்கட கடாக்களுக்கும் சேர்த்து வைக்கோல் போட்டனான். ஆர் எனக்குக் கூலி தந்தவை? கூலி வந்தால்தான் சாப்பாடெண்டால் நான் கலியாணம் கட்டின நாளிலயிருந்து பட்டினி கிடந்திருக்க வேணும். இஞ்சருங்கோ, இது என்ர புத்தகம். இது பிள்ளையளின்ர. உங்கடையை நீங்களே வைச்சிருங்கோ.”

அவர் புத்தகத்தை மட்டும் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டு என்னோடு வந்தாள். கடை பூட்டப்போகும் நேரம் அரிசி எடுத்தோம்.

சோறு வெந்து இறக்கும் முன்னமே பிள்ளைகள் கோப்பைகளோடு குசினிக்குள் இருந்துவிட்டார்கள். அத்தான் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து வாசலில் வந்து, “எனக்கும் கொஞ்சம் போடன்” என்றார். தன் வீட்டுக்குள், தன் மனைவியிடம், பிச்சை கேட்பவர்போல. அக்கா தன் பங்கிலிருந்து போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல எந்த நாக்குக்கும் உரிமை இல்லை. வேலையைப் பறித்தவர்களே வேலை இல்லை என்று அவரை ஏசினார்கள். அதைவிடக் கொடுமை, அவர் அதை நம்பியது.

அடுத்த சனிக்கிழமை அவரும் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தார். சால்வையைத் தலையில் போட்டு முகத்தை மறைத்திருந்தார். “சால்வையை எடுங்கோ அத்தான், இதில என்ன வெக்கம்?” என்றேன். அரிசியை வாங்கி முடியும் வரைக்கும் அவர் சால்வையை எடுக்கவில்லை.