பொய் எழுத விடாத ரெஜினா சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை லிங்கராஜபுரத்திலிருந்து ரெஜினா சிஸ்டரின் தம்பி போன் செய்தார். சிஸ்டர் தூக்கத்திலேயே போய்விட்டாராம், மாரடைப்பு. நான் நம்பவில்லை. அவர் விழித்திருக்கும்போது எமன் வந்திருந்தால் முதலில் ஒப்புதல் படிவத்தை நீட்டியிருக்க வேண்டும்; அவர் வரிக்கு வரி கேள்வி கேட்க, வாசலில் எருமை களைத்துப் படுத்திருக்க வேண்டும். தூங்கும்போது வந்ததிலிருந்தே தெரிகிறது, எமனுக்கும் அவரிடம் பயம் என்று.

புற்றுநோய் ஆய்வுப் பிரிவில் நர்ஸாக இருந்த அவரிடம் திட்டு வாங்கிய குடும்பங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். ஆகவே மிகைப்படுத்த மாட்டேன். ஐந்தடி உயரமும் ஐம்பது யானை பலமும் கொண்ட பெண்மணி அவர். தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் ஒரே வேகத்தில் அதட்டுவார்.

என் அக்கா சரோஜாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தபோது, கீமோதெரபி ஆய்வு ஒன்றைப் பற்றி டாக்டர் சொன்னார். ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்து மட்டும். மற்றதற்கு அதோடு இன்னொரு மருந்தும் சேரும். யார் எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு லேத் மிஷின்களை மிரட்டியவன், ஒரு கம்ப்யூட்டருக்கா அசருவேன்? இரண்டு கிலோ மைசூர்பாகுடன் போய், அக்காவை இரண்டு மருந்துக் குழுவில் போடும்படி சிஸ்டரிடம் காதோடு கேட்டேன்.

"எது நல்லதுன்னு எங்களுக்கே தெரிஞ்சிருந்தா, இந்த ஆய்வு எதுக்கு சார்?" என்றார். மைசூர்பாகு என்னோடேயே வீடு திரும்பியது. என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, படிவம் முழுவதையும் அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை மூன்று முறை படித்தாராம். அக்கா கையெழுத்திட்டாள். யார் சிபாரிசும் இல்லாமல் கம்ப்யூட்டர் அவளை இரண்டு மருந்துக் குழுவிலேயே போட்டது.

தினமும் உடல்நிலையை எழுத ஒரு டைரி தந்தார்கள். அக்கா சொல்ல, நான் எழுத வேண்டும். பக்கவிளைவு அதிகமென்று தெரிந்தால் அவளை ஆய்விலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். வாந்தி எடுத்த நாளில் 'நல்ல பசி' என்றும், விரல்கள் மரத்துப்போன வாரத்தில் 'பூரண நலம்' என்றும் எழுதினேன்.

"டேய், எழுதறது நீ, மரத்துப்போறது என் விரலு" என்று அக்கா முணுமுணுத்தாள்.

அடுத்த முறை போனபோது சிஸ்டர் டைரியைப் புரட்டினார். தன் ஸ்வெட்டரைக் காட்டி, பொத்தானைப் போட்டுவிடும்படி அக்காவைக் கேட்டார். அக்காவின் விரல்கள் தேடித் தேடி வழுக்கின. பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். அன்றைக்கு மட்டும் அதட்டவில்லை.

"நல்லா இருக்காங்கன்னு நீங்க எழுதினா, டாக்டர் இன்னைக்கும் இதே அளவு மருந்து ஏத்துவார். இவங்க கை போயிடும். இவங்களுக்கு அப்புறம் வர்ற பொம்பளைங்களுக்கும் இதே அளவு தாங்கும்னு முடிவாகும். எத்தனை பேர் கை சார், நீங்க எழுதறது?"

எழுபது வயதில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி, டைரியில் எதெது பொய் என்று டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன்.

அன்று மருந்தை நிறுத்திவைத்து, அடுத்த முறை அளவைக் குறைத்தார் டாக்டர். அக்காவை ஆய்விலிருந்து யாரும் தூக்கவில்லை. அளவைக் குறைக்க ஆய்வின் விதியிலேயே இடம் இருந்ததாம். படிவம் படித்த நாளில் சிஸ்டர் அக்காவுக்கு அதையும் சொல்லியிருந்தாராம். அவளைக் கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை. கட்டிகள் சுருங்கின. நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. அக்கா தன் பொத்தான்களைத் தானே போட்டுக்கொள்கிறாள், மெதுவாக.

சிஸ்டரின் அடக்கத்துக்குப் பாதி பெங்களூரு வந்திருந்தது. மீதிப் பாதி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. ஊரிலுள்ள மற்ற எல்லாவற்றையும் நான் இப்படிப் பெருக்கித்தான் சொல்வேன். அந்த டைரியில் மட்டும் நடந்தது நடந்தபடி. அவர் என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான். நேற்றோடு அடக்கம் முடிந்து இரண்டு நாள். நேற்று டைரியில், 'அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்:

"மருந்தால இல்லேன்னும் எழுதுடா."