உப்பியல் செம்மல்

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு விருது வாங்குவது ஒரு வியாதி. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக நுழைந்து துறைத்தலைவர் வரை ஏறியவர். உப்புப் படிகத்துக்குள் போன வெளிச்சம் என்ன ஆகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. உண்மையில் ஆராய்ச்சி எங்களைப் போன்ற மாணவர்களுடையது, கட்டுரையில் முதல் பெயர் மட்டும் அவருடையது. இந்த வருடம் இவருக்கு விருது கொடுத்த சங்கத் தலைவருக்கு, அடுத்த வருடம் இவர் தேர்வுக்குழுவில் உட்கார்ந்து விருது கொடுப்பார். மொய்க்கு மொய். கல்யாண வீடாக இருந்தால் சாப்பாடாவது நன்றாக இருக்கும்.

என் ஆய்வேடு பொங்கலிலிருந்து அவர் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகத்தில் கொடுக்க முடியும். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுத்ததற்கான ரசீதை வரும் திங்கட்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கையெழுத்து கேட்கப் போன என்னிடம் அவர் கேட்டது வேறு. "ஏம்பா, உங்க மரக்காணத்துல இவ்ளோ உப்பளம் இருக்குது, எனக்கு ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

பண்ண வைத்தேன். உப்பளக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரிடமும் போய் நின்று, ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். பட்டத்துக்குப் பெயர் வைக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. 'உப்பியல் செம்மல்' என்றேன். அப்படி ஓர் இயலே உலகத்தில் கிடையாது. "பிரமாதம்பா" என்றார் மனிதர்.

அன்று காலை முதலில் உப்பளத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். உப்பைப் பற்றிப் பேசியே மயிர் நரைத்தவர், உப்பளத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஷூவோடு பாத்தியில் இறங்கப் போனார்.

"சார், ஷூவக் கழட்டிட்டு எறங்குங்க" என்று கத்தினார் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா.

"பரவால்லம்மா, பழைய ஷூதான்" என்றார் இவர்.

உப்பளத்து ஆட்கள் கால் நோக மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் கூசிப்போனேன். பேராசிரியரோ உப்பு வாரும் கட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடையில் ஓர் உப்பு வியாபாரி, "சார் கண்டுபிடிச்சதாலதான் நம்ம உப்பு இவ்ளோ வெள்ளையா இருக்குது" என்று பேசினார். பேராசிரியர் மறுக்கவில்லையே! கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏற்புரைக்கு எழுந்தவருக்குப் புகழ் தலைக்கேறியிருந்தது. "இந்த மண்ணின் மைந்தன், என் மாணவன், இன்று முதல் முனைவர்!" என்று அறிவித்து, தமக்குப் போட்ட பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து என் தோளில் போட்டார். மண்டபமே கை தட்டியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கை வாங்கி, "ஐயா இன்னும் கையெழுத்தே போடலீங்க" என்றேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். "பாத்தீங்களா, என் பையனுக்கு என்னா குறும்பு!" என்று என் முதுகில் தட்டினார். மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் காரில் ஏறும்போது பேனாவையும் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தையும் நீட்டினேன்.

"டெல்லியில ஒரு விருது இருக்குதுப்பா. போயிட்டு வந்து நிதானமா படிச்சிட்டுப் போடறேன். அதான் ஊரே உன்ன டாக்டர்னு சொல்லிடுச்சே, இன்னும் என்ன?"

"நாளைக்குக் கடைசி நாள் சார்."

"இந்தச் சால்வையெல்லாம் கார்ல கசங்கிடும். நாளைக்கு வீட்டாண்ட கொண்டாந்து குடுத்துடு" என்று ஒரு பையை என் கையில் திணித்தார். கார் போய்விட்டது. பையை வாங்கிக்கொண்ட கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழாவுக்கு வந்திருந்த என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அந்த ஆளு சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறாரா?" என்றாள் கடைத்தெரு வந்ததும்.

"உப்பப் பத்தி எழுதறதோட சரி" என்றேன், அவளைச் சிரிக்க வைக்கலாமென்று.

"அவர உடுங்க. நீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். எதிரே டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "வாழ்த்துக்கள் டாக்டர் சார்!" என்று கத்தினார்.

என் கை, நான் நினைப்பதற்கு முன்பே, உயர்ந்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்தது.